அமெரிக்க முஸ்லிம் குடிமை உரிமை அமைப்பில் இன்டர்ன்ஷிப்: படிக்கப் போன நம் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

சம்பளம் இல்லாத வேலைதானே, இதற்கு எதற்கு அனுமதி என்று நினைத்துத்தான் நான் மூன்று வாரங்களை இழந்தேன். காயல்பட்டினத்திலிருந்து பொதுக் கொள்கை முதுகலை படிக்க அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதிக்குப் போனவன் நான். முதலாண்டுக் கோடையில் அங்குள்ள ஒரு முஸ்லிம் குடிமை உரிமை அமைப்பில் பத்து வாரம் பயிற்சிப் பணி செய்தேன். வேலை கிடைப்பது எனக்குக் கடினமாக இருக்கவில்லை. கிடைத்த பிறகு தாள்களைச் சரிசெய்வதுதான் கடினமாக இருந்தது. எந்தத் தாளை எப்போது யாரிடம் கேட்க வேண்டும் என்று தெரியாமல் அலைந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காக, நடந்த வரிசையில் அல்லாமல், நடந்திருக்க வேண்டிய வரிசையில் இதை எழுதுகிறேன். நான் வழக்கறிஞன் அல்லன். ஆகவே இறுதி முடிவுக்கு முன் உங்கள் பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. அமைப்பைத் தேர்வதற்கு முன் பிரிவைத் தேர்ந்துகொள்ளுங்கள்

இத்துறையில் பலருக்கும் தெரிந்த பெயர், ‘கேர்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் அமெரிக்க-இஸ்லாமிய உறவுகள் மன்றம். 1994இல் தொடங்கப்பட்ட இதன் தலைமையகம் வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் உள்ளது. கலிஃபோர்னியா, நியூயார்க், மிச்சிகன், மின்னசோட்டா உட்படப் பல மாநிலங்களில் கிளைகள் இயங்குகின்றன. 1988இல் லாஸ் ஏஞ்சலஸில் தோன்றிய முஸ்லிம் பொது விவகாரக் குழு கொள்கை, ஊடகம் ஆகியவற்றில் கூடுதல் கவனம் செலுத்துகிறது. 2005இல் தொடங்கிய ‘முஸ்லிம் அட்வகேட்ஸ்’ பெரிதும் சட்டப்பணி சார்ந்தது. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில் 2009 முதல் இயங்கும் ‘கிளியர்’ திட்டத்தில் அக்கல்லூரியின் சட்ட மாணவர்களே வழக்குப் பணி செய்கிறார்கள். சட்டம் படிக்காதவர்கள் சட்டப்பிரிவுக்கே விண்ணப்பித்துவிட்டு ஏமாந்து திரும்புவதைப் பார்த்திருக்கிறேன்; அறிவிப்பில் ‘இன்டர்ன்’ என்று இருக்கிறதா, ‘சட்ட இன்டர்ன்’ என்று இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

தலைமையகத்தின் பெயருக்காக மட்டும் வாஷிங்டன் போக வேண்டாம் என்பது என் கருத்து. மாநிலக் கிளைகளில் ஆட்கள் குறைவு. அதனால் புகார் எழுதுவது, பள்ளிவாசல்களில் ‘உங்கள் உரிமைகளை அறிந்துகொள்ளுங்கள்’ வகுப்புக்கு ஏற்பாடு செய்வது, சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்துக்குக் கடிதம் வரைவது என்று எல்லாவற்றிலும் கை வைக்கலாம். வாடகையும் மிச்சமாகும்.

முஸ்லிமாக இருந்தால்தான் எடுப்பார்களா என்று நண்பர்கள் கேட்பதுண்டு. என் குழுவில் இருந்த ஐவரில் இருவர் முஸ்லிம்கள் அல்லர்.

2. விண்ணப்பிக்கும் முன்பே உங்கள் குடியேற்ற நிலையைப் பாருங்கள்

அமெரிக்கக் குடியுரிமையோ பச்சை அட்டையோ உள்ள மாணவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டி மூன்றாவதற்குப் போகலாம். எஃப்-1 எனப்படும் மாணவர் விசாவில் இருப்பவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள்.

வளாகத்துக்கு வெளியே, உங்கள் படிப்போடு தொடர்புடைய பயிற்சிப் பணிக்குப் பொதுவாக இரண்டு வழிகள் உண்டு. முதலாவது சி.பி.டி. எனப்படும் பாடத்திட்டப் பயிற்சி. இதற்குப் பொதுவாக ஒரு முழுக் கல்வியாண்டு முழுநேரமாகப் படித்திருக்க வேண்டும். ஆகஸ்டில் வந்து சேர்ந்தவருக்கு அடுத்த மே மாதம்தான் வாய்ப்புத் திறக்கும். அனுமதியைப் பல்கலைக்கழகத்தில் உங்களுக்கென நியமிக்கப்பட்ட டி.எஸ்.ஓ. என்னும் அலுவலரே வழங்குவார். அரசுக்குத் தனியாகக் கட்டணம் கிடையாது. ஆனால் அனுமதி ஒரு குறிப்பிட்ட நிறுவனத்துக்கும் குறிப்பிட்ட தேதிகளுக்கும் மட்டுமே செல்லும். வாரத்துக்கு 20 மணி நேரம் வரை பகுதிநேரம். அதற்கு மேல் முழுநேரம். முழுநேரச் சி.பி.டி. பன்னிரண்டு மாதத்தை எட்டினால் அதே நிலைப் படிப்புக்கான ஓ.பி.டி. உரிமை, அதாவது படித்த துறையில் பன்னிரண்டு மாதம் வேலை செய்யும் உரிமை, போய்விடும். ஒரு கோடைப் பயிற்சியால் அந்த ஆபத்து வராது. எனினும் ஏற்கெனவே வேறு நிறுவனத்தில் சி.பி.டி. செய்தவர்கள் நாட்களைக் கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வழி, படிப்பு முடிவதற்கு முன்பே ஓ.பி.டி. எடுப்பது. வேலை அனுமதி கேட்கும் ஐ-765 விண்ணப்பத்துக்கு, 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி இணையவழியில் 470 டாலரும் தாளில் 520 டாலரும் ஆகும். வேலை அனுமதி அட்டை கைக்கு வர மாதக்கணக்கில் ஆகலாம். பயன்படுத்திய காலம் பட்டம் பெற்றபின் கிடைக்கும் பன்னிரண்டு மாதத்திலிருந்து கழியும். ஒரு கோடைக்காக அதைச் செலவழிக்காதீர்கள்.

இந்த இரண்டு வழியிலும் வேலை உங்கள் படிப்போடு தொடர்புடையதாக இருக்க வேண்டும் என்பதில்தான் நம் மாணவர்களில் பெரும்பாலோர் சிக்குகிறார்கள். நம் ஊரிலிருந்து போகிறவர்களில் கணினிப் படிப்பினரே அதிகம். ‘குடிமை உரிமை இன்டர்ன்’ என்ற தலைப்போடு கணினித் துறைத் தலைவரிடம் போனால் அவர் கையெழுத்திட மாட்டார். ஆனால் இந்த அமைப்புகளிலும் புகார்த் தரவுத்தளம், இணையதளம், ஆண்டறிக்கைக்கான எண்ணிக்கைப் பகுப்பாய்வு ஆகிய வேலைகள் இருக்கின்றன. அப்படி ஒரு பணி உண்மையிலேயே இருந்தால் அதற்கே விண்ணப்பியுங்கள். இல்லாத பணியைக் கடிதத்தில் மட்டும் எழுதி வாங்காதீர்கள். அது பொய்யான ஆவணமாகிவிடும்.

அடுத்து, சம்பளமில்லாத பணி. ‘தொண்டு’ என்பதற்கும் ‘சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்’ என்பதற்கும் வேறுபாடு உண்டு. ஆண்டு விருந்தில் நாற்காலி போடுவது, வகுப்பு நடக்கும் பள்ளிவாசலில் பெயர்ப் பதிவு செய்வது போன்ற, யாருக்கும் சம்பளம் தந்து செய்விக்காத வேலைகள் தொண்டு. அவற்றுக்கு அனுமதி வேண்டியதில்லை. நேரம் குறித்து, மேற்பார்வையாளர் வைத்து, மற்றவர்களுக்குச் சம்பளம் கொடுத்துச் செய்விக்கும் வேலையை உங்களிடம் இலவசமாக ஒப்படைத்தால் அது தொண்டு ஆகாது. இலாப நோக்கற்ற அமைப்பு என்பதாலேயே எல்லாமே தொண்டு என்று அங்கே உள்ளவர்களும் நல்ல மனத்தோடு சொல்வார்கள். அவர்களில் பலர் அமெரிக்கக் குடிமக்கள், எஃப்-1 விதிகள் அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் சொல்லை நம்பாமல், அறிவிப்பை அச்சிட்டுக்கொண்டு டி.எஸ்.ஓ-விடம் போய், பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அனுமதியில்லாத வேலை என்று பதிவாகிவிட்டால் மாணவர் நிலையே போய்விடும்.

3. விண்ணப்பக் கட்டு

கோடைக்கு விண்ணப்பிக்கச் சனவரி இறுதிக்குள் தயாராகிவிடுங்கள். நான் பிப்ரவரி நடுவில் அனுப்பினேன். அண்மை ஆண்டுகளில் ரமலான் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வருவதால் அலுவலகங்களும் உங்களைப் போலவே நோன்பிலும் நன்கொடை திரட்டலிலும் மும்முரமாக இருக்கும். கடைசிப் பத்து நாளில் அனுப்பிய மின்னஞ்சலுக்குப் பெருநாள் முடிந்த பிறகே பதில் வரும் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

வேண்டியவை அதிகமில்லை. ஒரு பக்கத் தன்விவரம். அதில் புகைப்படம், தந்தை பெயர், பிறந்த தேதி, மதம் எதுவும் வேண்டாம். ஒரு பக்க விண்ணப்பக் கடிதம். மூன்று முதல் ஐந்து பக்க எழுத்து மாதிரி. வகுப்புக் கட்டுரையிலிருந்து ஒரு பகுதியை எடுத்து, முதல் வரியில் எங்கிருந்து எடுத்தது என்று குறிப்பிட்டால் போதும். பரிந்துரையாளர் இருவர்: ஒருவர் பேராசிரியர், இன்னொருவர் உங்களை வேலையில் பார்த்தவர். உள்ளூர்ப் பள்ளிவாசல் இமாமின் கடிதம் உதவுமா என்று நான் தயங்கி, கடைசியில் வைத்து அனுப்பினேன். நேர்காணலில் யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

மொழிகள் பற்றிய பகுதியில் உண்மையை மட்டும் எழுதுங்கள். இந்திய முஸ்லிம் என்றால் உருது தெரியும் என்று அங்கே எல்லோரும் எண்ணிக்கொள்கிறார்கள். என் தாய்மொழி தமிழ், உருது ஒரு வரியும் வராது என்று முதல் நாளே சொல்லாததால், கராச்சியிலிருந்து வந்து குடியேறிய ஒரு பெரியவரின் தொலைபேசி அழைப்பு என் மேசைக்கு மாற்றப்பட்டு, இருவரும் பத்து நிமிடம் ‘ஜி, ஜி’ என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

4. நேர்காணல்

என்னிடம் அரை மணி நேரம் பேசினார்கள். மார்க்கத்தைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. சட்டத்தைப் பற்றி மூன்று இருந்தன. கீழ்க்கண்ட வழக்குகளைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பாவது படித்துவிட்டுப் போங்கள்.

2015இல் முடிந்த ஆபர்குரோம்பி வழக்கு: முக்காடு அணிந்த இளம்பெண்ணுக்குத் துணிக்கடை வேலை மறுத்தது. மதத்துக்காக விலக்கு தருவதைத் தவிர்க்கும் நோக்கமே வேலை மறுப்புக்குக் காரணமாக இருந்தால், விண்ணப்பித்தவர் வாய்விட்டு விலக்குக் கேட்டிருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023இல் முடிந்த கிராஃப் வழக்கு: ஞாயிற்றுக்கிழமை வேலை செய்ய மறுத்த கிறிஸ்தவத் தபால் ஊழியர் தொடுத்தது. சிறு சிரமத்தைக் காட்டி மத வசதியை மறுக்க முடியாது, தொழிலுக்குக் கணிசமான சுமை என்று முதலாளி காட்ட வேண்டும் என்று அதில் தீர்ப்பானது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போக ஒரு மணி நேரம் கேட்கும் கிடங்குத் தொழிலாளிக்கு இன்று கைகொடுப்பது அந்தக் கிறிஸ்தவர் வாங்கிய தீர்ப்புதான். இதை நான் சொன்னபோது எதிரே இருந்தவர் முதல்முறையாகச் சிரித்தார். 2020இல் முடிந்த தன்வீர் வழக்கு: உளவு சொல்ல மறுத்ததால் விமானத்தடைப் பட்டியலில் பெயர் சேர்க்கப்பட்டதாகக் கூறிய முஸ்லிம்கள், அதிகாரிகளிடம் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடரலாம் என்று அதில் முடிவானது.

நேர்காணல் முடிவில் நீங்கள் கேட்க வேண்டியவை: ஊதியமா, உதவித்தொகையா, ஒன்றுமில்லையா? யார் மேற்பார்வை? வாரத்துக்கு எத்தனை மணி நேரம்? பல்கலைக்கழகம் கேட்கும் வடிவில் கடிதம் தர முடியுமா? இந்தக் கடைசிக் கேள்வியை நான் கேட்கத் தவறினேன்.

5. கடிதமும் ஐ-20யும்

எனக்கு வந்த முதல் கடிதம் நான்கே வரி. ‘தன்னார்வ இன்டர்னாக உங்களை வரவேற்கிறோம்’ என்று அன்பாக எழுதியிருந்தார்கள். அதை எடுத்துக்கொண்டு போனபோது டி.எஸ்.ஓ. திருப்பி அனுப்பினார். இரண்டாவது கடிதத்தில் தேதி இருந்தது, மணி நேரம் இல்லை. அதுவும் திரும்பியது. மூன்றாவதுதான் ஏற்கப்பட்டது. இதில் போனவைதான் அந்த மூன்று வாரங்கள்.

கடிதம் அமைப்பின் முகப்புத்தாளில் இருக்க வேண்டும். அமைப்பின் சட்டப்பூர்வப் பெயர், நீங்கள் உண்மையில் வேலை செய்யப்போகும் இடத்தின் முழு முகவரி, தொடங்கும் தேதி, முடியும் தேதி, வார மணிநேரம், ஊதிய விவரம், மேற்பார்வையாளரின் பெயரும் பதவியும், செய்யப்போகும் வேலையைப் பற்றி ஐந்தாறு வரிகள், கையெழுத்து ஆகியவை அதில் இருக்க வேண்டும். வேலை விவரத்தில் உங்கள் பாடத்தின் சொற்கள் வர வேண்டும். நான் படித்தது பொதுக் கொள்கை என்பதால், ‘வேலையிடப் பாகுபாட்டுப் புகார்களை வகைப்படுத்திக் கொள்கைக் குறிப்பு தயாரித்தல்’ என்ற வரி சேர்ந்த பிறகே துறைத் தலைவர் ஒப்புக்கொண்டார். பல்கலைக்கழகத்தின் மாதிரிக் கடிதத்தைக் கேட்டு வாங்கி, அதை அமைப்புக்கு அனுப்பிவிட்டால் ஒரே தடவையில் முடிந்துவிடும்.

அதன்பின் பெரும்பாலான இடங்களில் இன்டர்ன்ஷிப்புக்கென்று ஒரு கிரெடிட் பாடத்தில் சேரச் சொல்வார்கள், துறை ஒப்புதல் வாங்க வேண்டும், பிறகு டி.எஸ்.ஓ. அரசின் கணினிப் பதிவில் ஏற்றிப் புதிய ஐ-20, அதாவது பல்கலைக்கழகம் தரும் மாணவர் தகுதிச் சான்று, தருவார். எனக்கு எட்டு வேலைநாள் ஆனது. மே மாதத் தொடக்கத்தில் எல்லோரும் கேட்பதால் வரிசை நீளும். ஏப்ரல் முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள்.

புதிய ஐ-20யின் இரண்டாம் பக்கத்தில் அமைப்பின் பெயரும் தேதிகளும் அச்சாகியிருக்கும். அந்தத் தொடக்கத் தேதிக்கு முன்னால் ஒரு மணி நேரம்கூட வேலை செய்யாதீர்கள். என் தேதி மே 19. மே 12 அன்று நடக்கும் பயிற்சி வகுப்புக்கு இணையவழியில் வந்துவிடுங்கள் என்று அலுவலகம் அழைத்தது. பயிற்சி வகுப்பும் வேலைதான் என்று டி.எஸ்.ஓ. சொன்னார். நான் தேதியைக் காட்டி மறுத்தேன். யாரும் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. வகுப்பின் ஒலிப்பதிவைப் பின்னர்க் கேட்டுக்கொண்டேன். முடியும் தேதிக்கும் இதே விதி: ‘இன்னும் இரண்டு வாரம் இருந்து அறிக்கையை முடித்துக் கொடுங்கள்’ என்று கேட்டால், முதலில் நீட்டிப்பு, பிறகு வேலை.

6. பெயர்

இதற்கு ஏன் தனித் தலைப்பு என்று தமிழ்நாட்டுக்காரர்கள் கேட்க மாட்டார்கள். தந்தை பெயரை முன்னெழுத்தாக மட்டும் வைத்துக்கொண்டிருக்கும் நம் கடவுச்சீட்டுகள் பலவற்றில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருக்கிறது. அமெரிக்க விசாவில் நம் பெயர் முழுவதும் குடும்பப்பெயர் இடத்துக்குப் போய், சொந்தப் பெயர் இடத்தில் எஃப்.என்.யூ. என்று மூன்று எழுத்து வந்து உட்கார்ந்துகொள்ளும். பெயர் தெரியவில்லை என்பது அதன் பொருள். போதாததற்கு முகம்மது என்பதைக் கடவுச்சீட்டில் ஒருவிதமாகவும் மதிப்பெண் சான்றிதழில் வேறுவிதமாகவும் எழுதியிருப்போம்.

வேலைக் கடிதத்தில் இருக்கும் பெயர், ஐ-20, கடவுச்சீட்டு, நாட்டுக்குள் நுழைந்த பதிவான ஐ-94 ஆகியவற்றில் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். ‘எஃப்.என்.யூ. என்று எழுதினால் மரியாதையாக இருக்காது’ என்று அலுவலகத்தில் ஒருவர் என் பெயரை அவராகவே இரண்டாகப் பிரித்து எழுதியதும் அந்த மூன்று வாரத்தில் ஒரு பங்கு. அழைக்கும் பெயர் வேறு, ஆவணப் பெயர் வேறு என்று முதல் மின்னஞ்சலிலேயே தெளிவாக எழுதுங்கள்.

ஊதியமோ உதவித்தொகையோ உண்டு என்றால், ஊதியத்தையும் வரியையும் பதிய அமெரிக்க அரசு தரும் சமூகப் பாதுகாப்பு எண் வேண்டும். அதற்குரிய அலுவலகத்துக்குக் கடவுச்சீட்டு, ஐ-94 அச்சுப்படி, டி.எஸ்.ஓ. கையெழுத்திட்ட சி.பி.டி. பக்கத்தோடு கூடிய ஐ-20, வேலைக் கடிதம் ஆகியவற்றோடு நேரில் போங்கள். கட்டணம் இல்லை. வேலை தொடங்கும் தேதிக்கு முப்பது நாளுக்கு மேல் இருந்தால் ஏற்க மாட்டார்கள். அட்டை எனக்கு இரண்டு வாரத்தில் அஞ்சலில் வந்தது. விண்ணப்பித்த ரசீது இருந்தால், அட்டை வருமுன்பே வேலையைத் தொடங்கலாம். சம்பளப் பணி என்றால் முதல் நாள், வேலை செய்யும் தகுதியைச் சரிபார்க்கும் ஐ-9 படிவத்தில் உங்கள் பகுதியை நிரப்பி, மூன்று வேலைநாளுக்குள் மூல ஆவணங்களைக் காட்ட வேண்டும். நகல் செல்லாது.

7. செலவு

பத்து வாரத்துக்கு எனக்குக் கிடைத்த உதவித்தொகை 1,500 டாலர். ஒரு கிரெடிட் பாடத்துக்குக் கட்டியது 900 டாலருக்குச் சற்று மேல். கோடைக்கால மாணவர் காப்பீட்டுக்கும் பேருந்துக்கும் மதிய உணவுக்கும் போக, கணக்குப் பார்த்தால் கையிலிருந்துதான் போனது. ஆகவே பாடத்தில் சேரும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: பூச்சியக் கிரெடிட் பாடம் உண்டா? கோடையில் செய்த பணியை அடுத்த பருவத்துக் கிரெடிட்டாகக் கணக்கிட முடியுமா? சம்பளமில்லாப் பொதுப்பணிக்குத் துறை நிதியுதவி ஏதும் தருமா? மூன்றாவது கேள்விக்குப் பல பல்கலைக்கழகங்களில் ‘ஆம்’ என்பது பதில்; ஆனால் கடைசித் தேதி மார்ச்சிலேயே முடிந்துவிடுகிறது. நான் ஏப்ரலில் கேட்டேன்.

மாநிலத் தலைநகருக்கும் நாடாளுமன்ற அலுவலகங்களுக்கும் போகும் நாட்களுக்கு ஒரு கோட்டு வேண்டும். பழந்துணிக் கடையில் 25 டாலருக்குக் கிடைக்கும்.

8. மேசையில் உட்கார்ந்த பிறகு

புகார் அழைப்பு எடுக்கும் பணி கிடைத்தால் மறுக்காதீர்கள். கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் அந்த அலுவலகத்தில் இல்லை. வேலையிடத்தில் முக்காடு, பள்ளியில் கேலி, சிறையில் ஹலால் உணவு, விமான நிலையத்தில் ஒவ்வொரு முறையும் நிறுத்தி வைக்கப்படுவது, வீட்டுக்கு வந்து கதவைத் தட்டிய எஃப்.பி.ஐ. என்னும் அமெரிக்கப் புலனாய்வு அமைப்பின் அதிகாரிகள் என்று ஒரே நாளில் ஐந்து விதமான அழைப்புகள் வரும். பேசுகிறவர் அழுதுகொண்டிருப்பார். அவரைப் பேசவிட்டுவிட்டு, முதலில் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். வேலையிடப் பாகுபாட்டுக்குச் சம வேலைவாய்ப்பு ஆணையத்தில் 180 நாளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். அதே பாகுபாட்டைத் தடுக்கும் சட்டமும் அதைச் செயல்படுத்தும் அமைப்பும் மாநிலத்திலோ உள்ளூரிலோ இருந்தால் 300 நாள். மத்திய அரசு ஊழியர் என்றால் 45 நாளுக்குள் தம் துறையின் ஆலோசகரை அணுகியாக வேண்டும். நான் எடுத்த அழைப்புகளில் ஒன்றில், விவரங்களை மாற்றிச் சொல்கிறேன், ஒரு பெண் தம் கதையை நாற்பது நிமிடம் சொன்னார். நான் உருகிக் கேட்டேன், தேதி கேட்கவில்லை. மேற்பார்வையாளர் திரும்ப அழைத்துக் கேட்டபோது, 300ஆவது நாளுக்கு ஆறே நாள் மீதம் இருந்தது.

இன்டர்ன் சட்ட ஆலோசனை சொல்லக் கூடாது. ‘உங்கள் வழக்கு வெல்லும்’ என்று ஆறுதலுக்குக்கூடச் சொல்லாதீர்கள். ‘வழக்கறிஞர் பார்த்துவிட்டு அழைப்பார்’ என்பது மட்டுமே உங்கள் பதில். கேட்டவற்றை அறைத்தோழரிடமும், ஊரில் உள்ள நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் சொல்லக் கூடாது. முதல் நாள் கையெழுத்திடும் ரகசியக் காப்பு ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு ஒரு படி வைத்துக்கொள்ளுங்கள். வகுப்புக்காக இன்டர்ன்ஷிப் அறிக்கை எழுதும்போது எதை எழுதலாம் என்பதற்கு அதுதான் அளவு.

இவை வரிவிலக்குப் பெற்ற தொண்டு அமைப்புகள். தேர்தலில் எந்த வேட்பாளருக்கும் ஆதரவாகவோ எதிராகவோ இயங்க அவற்றுக்கு அனுமதியில்லை. அலுவலக மின்னஞ்சலில் இருந்து ஒரு வேட்பாளரின் கூட்ட அழைப்பை அனுப்பிவைப்பதும் சிக்கலாகும்.

9. உங்கள் பெயர் வெளியே தெரியும் இடங்கள்

இதைப் பற்றி வாப்பாவிடம் தொலைபேசியில் பேசும்போது நான் பாதியைத்தான் சொன்னேன். உங்களிடம் முழுவதும் சொல்லிவிடுகிறேன்.

2025 நவம்பரில் டெக்சாஸ் ஆளுநரும், டிசம்பரில் ஃபுளோரிடா ஆளுநரும் கேர் அமைப்பைப் பயங்கரவாத அமைப்பு என்று தத்தம் மாநில அளவில் அறிவித்தார்கள். அமைப்பு இரண்டையும் எதிர்த்து நீதிமன்றம் சென்றது. இவை மாநில ஆளுநர்களின் அறிவிப்புகள். வெளிநாட்டுப் பயங்கரவாத அமைப்புகளின் பட்டியலை வெளியிடும் அதிகாரம் வாஷிங்டனில் வெளியுறவுத் துறையிடம் உள்ளது. ஆயினும் அந்த இரு மாநிலங்களின் அரசுப் பல்கலைக்கழகங்களில் எஃப்-1 விசாவில் படிப்பவர்கள், அங்குள்ள கிளையில் சேரும் முன் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு முறை பேசிவிடுவது நல்லது. பல்கலைக்கழகங்கள் பலவற்றில் மாணவர் சட்ட உதவி அலுவலகம் இலவசமாகவே பேசும். ஐக்கிய அரபு அமீரகமும் 2014இல் தன் பட்டியலில் கேரின் பெயரைச் சேர்த்தது. சென்னைக்கு விடுமுறையில் போகிறவர்களில் பலர் துபாய், அபுதாபி வழியாகவே போகிறோம் என்பதால் இதைச் சொல்கிறேன். நான் வேறு அமைப்பில்தான் இருந்தேன். இருந்தும் அந்த ஆண்டு பிராங்க்பர்ட் வழியாகப் போனேன். கூடுதலாக 140 டாலர் ஆனது, மனம் அமைதியாக இருந்தது.

நாளிதழுக்குக் கருத்துக் கட்டுரை எழுதித் தாருங்கள் என்று ஊடகப் பிரிவில் கேட்பார்கள். டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவியாக இருந்த துருக்கியைச் சேர்ந்த ரூமெய்சா ஓஸ்டுர்க், மாணவர் இதழில் வேறு மூவரோடு சேர்ந்து ஒரு கட்டுரை எழுதியவர். விசா நீக்கப்பட்டு, 2025 மார்ச் 25 அன்று தெருவில் கைது செய்யப்பட்டார். மே 9 அன்று நீதிபதியின் ஆணையால் வெளியே வந்தார். எழுதாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. எழுதுவதற்கு முன் அறிந்து எழுதுங்கள். என் பெயரில் வெளியிட வேண்டாம், வரைவை எழுதித் தருகிறேன் என்று நான் சொன்னபோது மேற்பார்வையாளர் அடுத்த கேள்வி கேட்கவில்லை. புகைப்படத்திலும் இணையதளத்தின் இன்டர்ன் பக்கத்திலும் உங்கள் பெயர் வர வேண்டுமா என்பதையும் முதல் வாரமே சொல்லிவிடுங்கள். வெளியான பிறகு எடுக்கச் சொன்னால், எடுத்தாலும் நகல் எங்காவது இருக்கும்.

2025 சூன் முதல் மாணவர் விசாவுக்கு விண்ணப்பிப்போர் தம் சமூக ஊடகக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும். பயிற்சிக் காலத்துக்குள்ளோ முடிந்த உடனேயோ விசா முடிகிறவர்கள், சென்னைத் துணைத் தூதரகத்தில் புதுப்பிக்கப் போக வேண்டுமா என்பதை முதலிலேயே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். விசா முடிந்தாலும் ஐ-20 செல்லுபடியாகும் வரை உள்ளே இருந்து படிக்கலாம். வெளியே போனால்தான் புதிய விசா வேண்டும். தவிர்க்கக் கூடிய பயணமானால் தவிர்த்துவிடுங்கள்.

10. முடித்துக்கொண்டு கிளம்பும்போது

கடைசி வாரத்துக்கு முந்தைய வாரமே பணிச்சான்றுக் கடிதம் கேளுங்கள். தேதிகள் ஐ-20யில் உள்ளபடியே இருக்கட்டும். பிற்காலத்தில் ஓ.பி.டி., எச்-1பி வேலை விசா எதற்குப் போனாலும் பழைய ஐ-20கள் அனைத்தையும் கேட்பார்கள், ஒன்றையும் எறிந்துவிடாதீர்கள்.

வந்து ஐந்து ஆண்டு ஆகாத எஃப்-1 மாணவருக்குப் பொதுவாகச் சமூகப் பாதுகாப்பு, மருத்துவக் காப்பு வரிகளான 7.65 விழுக்காடு பிடிக்கப்படக் கூடாது. சிறிய அலுவலகங்களில் கணக்கர் பழக்கத்தில் பிடித்துவிடுவார். முதல் சம்பளச் சீட்டிலேயே பார்த்து, அவரிடமே திரும்பக் கேளுங்கள். ஊதியம் பெற்றவர்கள் அடுத்த ஆண்டு ஏப்ரல் 15க்குள் 1040-என்.ஆர். என்னும் வருமான வரிப் படிவமும், அதோடு நாட்டில் தங்கிய நாட்களைத் தெரிவிக்கும் 8843 படிவமும் அனுப்ப வேண்டும். இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21ஆம் பிரிவுப்படி இந்திய மாணவர்கள் நிலையான கழிவை, அதாவது வருமானத்தில் ஒரு பகுதிக்கு வரி இல்லாமல் கழித்துக்கொள்ளும் சலுகையை, கோரலாம். மற்ற நாட்டு மாணவர்களுக்குப் பொதுவாக இது கிடையாது என்பதால் அலுவலகத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது. ஒரு டாலர்கூட வாங்காதவர்களும் 8843 படிவத்தை சூன் 15க்குள் அஞ்சலில் அனுப்ப வேண்டும். எனக்கு அஞ்சல் கட்டணத்தோடு அது ஐந்து டாலருக்குள் முடிந்தது.